ஸீ, லுக், வாட்ச்: வியூ பாயிண்ட்ல எதை எப்பச் சொல்றது?

குன்னூர் வளைவு கேட்டது:

எல்லாருக்கும் வணக்கமுங்க. குன்னூர், கோத்தகிரி சுத்துல டாக்ஸி ஓட்டறவங்க, கைடு வேலை செய்யறவங்களுக்காக இங்கிலீஷ் குறிப்பு ஒண்ணு தயார் பண்றோம். இலக்கணப் புத்தகமெல்லாம் வேண்டாம். டேஷ்போர்டுல செருகி வெச்சுக்கற மாதிரி ஒரே ஒரு தாள். முதல்ல எடுத்துக்கிட்டது "ஸீ". எங்க பொழப்பே "அதைப் பாருங்க, இதைப் பாருங்க"ங்கறதுதானே. ("சீ"ன்னு எழுதினா யாரையோ திட்டற மாதிரி இருக்குது, அதனால "ஸீ".)

இங்கே தினமும் காதுல விழற வாக்கியங்களைச் சொல்றேன். டால்பின்ஸ் நோஸ்ல நின்னுக்கிட்டு "சார், ஆர் யூ ஸீயிங் த ஃபால்ஸ்?" லேம்ப்ஸ் ராக்குல "ஃப்ரம் ஹியர் யூ கேன் ஏபிள் டு ஸீ கோயம்புத்தூர்." ஃபோட்டோ எடுக்கறப்ப "மேடம், ஸீ த கேமரா." சாக்லேட் கடையில "ஈட் அண்ட் ஸீ, சார்." முதுமலை போயிட்டு வந்தா "யெஸ்டர்டே ஐ டிட்ன்ட் ஸா எனி எலிஃபன்ட்." சாயங்காலம் இறக்கி விடறப்ப "டுமாரோ சிக்ஸ் ஓ'கிளாக் வீ வில் ஸீ."

கேக்கறவங்களுக்குப் புரிஞ்சுடுது, அதுல பிரச்சினை இல்லை. ஆனா எது தப்பு, எது தப்பில்லை, தப்புன்னா ஏன்னு தெரியணும். காரணம் இல்லாம "இப்படிச் சொல்லாதே"ன்னு எழுதினா ஒரு பயலும் படிக்க மாட்டான்.


கோத்தகிரி டீச்சர் பதில்:

தாளின் முதல் வரியாக இதை எழுதுங்கள்: ‘ஸீ’ என்பதற்கு நேரான தமிழ்ச் சொல் ‘தெரி’.

பள்ளியில் எல்லோரும் ‘ஸீ என்றால் பார்’ என்று மனப்பாடம் செய்துவிட்டோம். நீங்கள் எழுதிய ஆறில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் வருகிறது. தமிழில் ‘பார்’ என்பது நாம் செய்யும் வேலை. கழுத்தைத் திருப்புகிறோம், கண்ணைக் கொண்டுபோய் ஒன்றின் மேல் வைக்கிறோம். ‘தெரி’ என்பது நாம் செய்வதல்ல, நமக்கு நேர்வது. அதனால்தான் ‘நான் பார்க்கிறேன்’ என்கிறோம், ஆனால் ‘எனக்குத் தெரிகிறது’ என்கிறோம். ‘பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை’ என்று ஒரே மூச்சில் சொல்லும்போது நமக்கு எந்தக் குழப்பமும் வருவதில்லை. அதை அப்படியே ஆங்கிலத்தில் வையுங்கள்: “ஐ லுக்ட், பட் ஐ குட்ன்ட் ஸீ எனிதிங்.” பார்த்தது லுக். தெரியாதது ஸீ.

சிக்கல் எங்கே என்றால், தமிழில் ‘எனக்கு அருவி தெரிகிறது’ என்னும்போது எழுவாய் அருவி. ஆங்கிலத்தில் அந்த ‘எனக்கு’ எழுவாயாக ஏறி உட்கார்ந்து ‘ஐ’ ஆகிவிடுகிறது. ‘ஐ’ என்று தொடங்கியவுடன் நம் மனம் ‘நான் பார்க்கிறேன்’ என்று தாவி, வாலில் ஒரு ‘இங்’கை ஒட்டிவிடுகிறது. அப்படித்தான் “ஐ ஆம் ஸீயிங்” பிறக்கிறது.

மூன்றாவது சொல் வாட்ச். அசைகிற, மாறுகிற, இனி என்ன ஆகும் என்று தெரியாத ஒன்றின் மேல் கண்ணை வைத்தபடியே இருப்பது. ‘பார்த்துக்கிட்டே இரு’ என்று தமிழில் வந்தால் பெரும்பாலும் வாட்ச்.

டால்பின்ஸ் நோஸில் நிற்கிறீர்கள், எதிரே பள்ளத்தாக்குக்கு அப்பால் கேத்தரின் அருவி என்று வையுங்கள். மூன்று சொல்லும் ஒரே நிமிடத்தில் வரும். “லுக் ஓவர் தேர், அக்ராஸ் த வேலி. கேன் யூ ஸீ எ தின் ஒயிட் லைன்? தட்ஸ் கேத்தரின் ஃபால்ஸ். நவ் வாட்ச் த மிஸ்ட், இட்ஸ் கமிங் அப்.” அந்தப் பக்கம் பாருங்க, வெள்ளையா ஒரு கோடு தெரியுதா, இப்ப மஞ்சைக் கவனிச்சுக்கிட்டே இருங்க. வழிகாட்டிகளை இந்த நான்கு வாக்கியத்தை மட்டும் பத்துத் தடவை சொல்லிப் பழகச் சொல்லுங்கள். விதியைவிட இது நன்றாக வேலை செய்யும்.

இன்னொன்று. நம் ‘தெரி’க்கு அறிதல் என்ற பொருளும் உண்டு அல்லவா? ஆங்கில ‘ஸீ’க்கும் அது உண்டு. “ஐ ஸீ” என்று பயணி சொன்னால் அவர் எதையும் பார்க்கவில்லை, ‘ஓ, அப்படியா, புரிந்தது’ என்கிறார். “ஐ ஸீ வாட் யூ மீன்” என்றால் நீங்கள் சொல்ல வருவது புரிகிறது. ‘பார்’ என்று மனப்பாடம் செய்தவருக்கு இது புதிதாக வந்த பொருள் மாதிரி இருக்கும். ‘தெரி’ என்று பிடித்தவருக்கு ஆச்சரியமே இருக்காது.


மேட்டுப்பாளையம் லைன் பதில்:

டீச்சர் சொன்னதுக்கு மேல "கேன்" பத்தி ரெண்டு வார்த்தை.

"கேன் ஸீ"யில இருக்கற "கேன்"னுக்குத் திறமைங்கற அர்த்தம் இல்லைங்க. "ஐ கேன் ட்ரைவ்"னா எனக்கு வண்டி ஓட்டத் தெரியும். "ஐ கேன் ஸீ த ட்ரெயின்"னா எனக்குப் பார்க்கத் தெரியும்னு இல்லை, இந்த நிமிஷம் ரயில் என் கண்ணுக்குத் தெரியுது, அவ்வளவுதான். மத்த வினைச்சொல்லுக்கெல்லாம் "இங்" செய்யற வேலையை, புலன் சம்பந்தப்பட்ட வினைகள்ல "கேன்" செய்யுது. "நான் சாப்பிட்டுக்கிட்டிருக்கேன்" "ஐ'ம் ஈட்டிங்" ஆகும். "எனக்குத் தெரிஞ்சுக்கிட்டிருக்கு" "ஐ கேன் ஸீ" ஆகும். கேக்குதுன்னா "ஐ கேன் ஹியர்", வாசனை வருதுன்னா "ஐ கேன் ஸ்மெல்". மலைப்பாதையில சிக்னல் விட்டு விட்டு வர்றப்ப ஃபோன்ல "ஐ ஆம் நாட் ஹியரிங் யூ"ன்னு கத்தறோமே, அது "ஐ கான்ட் ஹியர் யூ"ன்னு இருக்கணும்.

"கேன் ஏபிள் டு" நம்ம ஊர்ல ரொம்பப் பரவின வியாதி. "கேன்"னாலும் முடியும், "ஏபிள் டு"ன்னாலும் முடியும். ரெண்டையும் சேர்த்தா "முடிய முடியும்". ஒண்ணை எடுத்துடுங்க. லேம்ப்ஸ் ராக்குல நின்னு கீழே கைகாட்டறப்ப "யூ கேன் ஸீ கோயம்புத்தூர் ஃப்ரம் ஹியர்" போதும். "ஏபிள் டு" எப்ப வேணும்னா, இப்ப தெரியலை, கொஞ்ச நேரத்துல தெரியும்கறப்ப. "வென் த மிஸ்ட் க்ளியர்ஸ், யூ'ல் பி ஏபிள் டு ஸீ த ப்ளெயின்ஸ்." "வில் கேன்"னு சொல்ல முடியாது, அதனாலதான் அங்க "ஏபிள் டு" வந்து நிக்குது. "மஞ்சு விலகினா"ங்கறதை "வென் த மிஸ்ட் வில் க்ளியர்"னும் சொல்லிடாதீங்க. வென்னுக்கு அப்புறம் சாதாரண நிகழ்காலம்தான்.

இறந்த காலத்துல ஒரு வசதி இருக்குது. ஒரே ஒரு தடவை நடந்து முடிஞ்ச காரியத்துக்கு "குட்" சொன்னா பொதுவா உறுத்தும். கடைசி நிமிஷத்துல ஓடிப்போய் ரயிலைப் பிடிச்சிட்டேன்னா "ஐ வாஸ் ஏபிள் டு கேட்ச் த ட்ரெயின்"தான், "ஐ குட் கேட்ச்" இல்லை. ஆனா ஸீ, ஹியர், ஸ்மெல், ஃபீல், டேஸ்ட் இந்த அஞ்சுக்கும் அந்தத் தடை கிடையாது. "ஃப்ரம் த ஃபர்ஸ்ட் கோச் ஐ குட் ஸீ த ட்ராக் அஹெட்" தாராளமாச் சொல்லலாம். கல்லாறுல இருந்து குன்னூர் வரைக்கும் பல்சக்கரப் பாதையில இஞ்சின் பின்னாடி நின்னு தள்ளிக்கிட்டு வரும், அதனால முதல் பெட்டிக்கு முன்னாடி மறைக்க எதுவுமே இல்லை. சுத்தமான "தெரியுது", "ஸீ"க்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.


ஊட்டி மார்க்கெட் பதில்:

எனக்கு ஒரு ஆட்சேபம். "ஸீயிங் வரவே வராது"ன்னு தாள்ல எழுதிடாதீங்க. டீச்சர் அப்படிச் சொல்லலை, ஆனா படிக்கறவங்க அப்படித்தான் எடுத்துப்பாங்க. அப்புறம் பயணி வாயில இருந்தே "ஸீயிங்" வர்றப்ப, "அவங்களே தப்பாப் பேசறாங்க"ம்பாங்க.

"ஸீ"க்குக் கண்ணால தெரியறதுங்கற அர்த்தம் இருக்கற வரைக்கும் "இங்" ஒட்டாது. அர்த்தம் மாறினா ஒட்டும். சந்திக்கறதுன்னு மாறினா: "ஐ'ம் ஸீயிங் த டென்டிஸ்ட் அட் ஃபோர்", நாலு மணிக்குப் பல் டாக்டரைப் பார்க்கப் போறேன். காதல்னு மாறினா: "ஷீ இஸ் ஸீயிங் சம்ஒன்", அவ ஒருத்தரோட பழகிட்டிருக்கா. இதனாலதான் தனியா வந்திருக்கற பெண் பயணிகிட்ட "ஆர் யூ ஸீயிங் எனிஒன்?"னு கேட்டுடக் கூடாது. கைடு கேக்க நினைச்சது, கீழே ஆள் யாராவது தெரியறாங்களான்னு. அந்தம்மா காதுல விழறது, உனக்குக் காதலன் இருக்கானான்னு. கேக்க வேண்டியது "கேன் யூ ஸீ எனிஒன் டவுன் தேர்?"

இன்னும் ரெண்டு இடம் இருக்குது. இல்லாதது கண்ணுக்குத் தெரிஞ்சா "ஐ மஸ்ட் பி ஸீயிங் திங்ஸ்". மஞ்சுல ஏதோ உருவத்தைப் பார்த்துட்டு, எனக்குத்தான் அப்படித் தோணுதோன்னு சொல்றது. இன்னொண்ணு, ஒரு விஷயம் கொஞ்ச நாளா அடிக்கடி நடக்குதுன்னு சொல்றப்ப: "வீ ஆர் ஸீயிங் மோர் கௌர் ஆன் த ரோட்ஸ் தீஸ் டேஸ்." இப்பல்லாம் ரோட்டுல காட்டுமாடு அதிகமா வருது. இது சுத்தமான இங்கிலீஷ், ஒரு தப்பும் இல்லை. எதிரே ஒரு காட்டுமாடு நிக்கறப்ப "ஐ'ம் ஸீயிங் எ கௌர்"னாத்தான் தப்பு. ஒரு பார்வைக்கு "கேன் ஸீ", பல நாள் நிலவரத்துக்கு "ஆர் ஸீயிங்".

"லுக்", "வாட்ச்" ரெண்டும் நாம செய்யற வேலைங்கறதால "இங்" எப்பவும் ஒட்டும். "வாட் ஆர் யூ லுக்கிங் அட்?", "ஐ'ம் வாட்சிங் த மங்கீஸ்."


குன்னூர் வளைவு:

டீச்சர், ரொம்ப நன்றிங்க. "தெரியுதா"ன்னா "கேன் யூ ஸீ"ங்கறது ஒண்ணே பாதிப் பக்கத்தை மிச்சம் பண்ணிடுச்சு. கேமரா, சாக்லேட், நாளைக்குப் பாக்கலாம், இந்த மூணும் பாக்கி இருக்குதுங்க.


பர்லியார் பலா பதில்:

கேமரால ஆரம்பிக்கறேன். கண்ணைக் கொண்டுபோய் வெக்கச் சொல்றோம், அப்ப லுக். "லுக் அட் த கேமரா." இதுல "அட்" கட்டாயம், "லுக் த கேமரா"ன்னு சொல்லக் கூடாது. நமக்கு அது ஏன் விட்டுப்போகுதுன்னா, தமிழ்ல "கேமராவைப் பாருங்க"ங்கற அந்த "ஐ" சின்ன உருபு, தனிச் சொல் இல்லை. "ஸீ"க்கும் "வாட்ச்"சுக்கும் "அட்" கிடையாது. பேச்சை ஆரம்பிக்கறதுக்கு "ஸீ, சார்..."னு ஒரு பழக்கம் இருக்குது பாருங்க, "பாருங்க சார்"ங்கறதோட நேர் பெயர்ப்பு. அளவா இருந்தா ஒண்ணும் இல்லை. வாக்கியத்துக்கு ஒண்ணு வந்தா வாத்தியார் பாடம் நடத்தற மாதிரி ஆயிடும். "ஸீ ஹியர்!", "லுக் ஹியர்!" ரெண்டும் அதட்டல். இங்க பாருங்கன்னு மரியாதையாக் கூப்பிடணும்னா "ஹேவ் எ லுக் அட் திஸ்".

வாட்ச் விஷயத்துல பாதுகாப்பு இருக்கறதால அதைக் கொஞ்சம் விரிவாவே தாள்ல போடுங்க. படியில "வாட்ச் யுவர் ஸ்டெப்". தாழ்வான கதவுல "வாட்ச் யுவர் ஹெட்". குரங்கு இருக்கற இடத்துல "வாட்ச் யுவர் பேக்". இங்கேதான் ஒரு கண்ணி இருக்குது. பைக்கும் "பேக்", முதுகுக்கும் "பேக்", தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே எழுத்து. இங்கிலீஷ்ல முதுகு பக்கம் போயிட்டா "வாட்ச் யுவர் பேக்"குக்கு உன்னை யாரோ கவுக்கப் பாக்கறான், ஜாக்கிரதைன்னு அர்த்தம் ஆயிடும். வித்தியாசம் கடைசி எழுத்துல மட்டும் இல்லை, நடு உயிர்லயும் இருக்குது. பைக்கு உயிரை நீட்டி, முடிவுல "அங்கே"ல வர்ற "க" மாதிரி மெதுவா விடணும். முதுகுக்கு உயிர் குட்டை, "பாக்கு"ல வர்ற "க்" மாதிரி வெட்டி நிறுத்தணும். முடிவு எழுத்து சரியா வராட்டியும் உயிரை நீட்டிட்டா கேக்கறவர் பைன்னே புரிஞ்சுக்குவார். சந்தேகம்னா "வாட்ச் யுவர் திங்ஸ்"னு தாண்டிப் போயிடுங்க.

"லுக் அவுட்" இன்னொரு ஆபத்து. அது அலறல், "ஐயோ, பாத்து!"ன்னு அர்த்தம். கல்லட்டி மலைப்பாதையோட 36 கொண்டை ஊசி வளைவுல ஒண்ணுல நின்னுக்கிட்டு, வெளியே பாருங்க, காட்சி நல்லா இருக்குன்னு சொல்ல நினைச்சு "லுக் அவுட், சார்!"னா அவர் குனிஞ்சு தலையைப் பிடிச்சுக்குவார். வெளியே பாக்கச் சொல்றதுக்கு "லுக் அவுட் ஆஃப் த விண்டோ", இல்லாட்டி "லுக் டு யுவர் லெஃப்ட்". நிஜமாவே அலறணும்னா "வாட்ச் அவுட்"டும் "லுக் அவுட்"டும் ஒண்ணுதான்.

தேடறதுக்கும் "ஸீ"யைப் போடறாங்க. "ஐ ஆம் ஸீயிங் பார்க்கிங், சார்." அது "ஐ'ம் லுக்கிங் ஃபார் பார்க்கிங்". லுக் அட் பாக்கறது, லுக் ஃபார் தேடறது, லுக் ஆஃப்டர் பாத்துக்கறது. "பையை நான் பாத்துக்கறேன்"னு சொல்ல "ஐ'ல் லுக் ஆஃப்டர் யுவர் பேக்" சரி. கொஞ்ச நேரத்துக்குன்னா "ஐ'ல் கீப் அன் ஐ ஆன் இட்" இன்னும் இயல்பு.


கோத்தகிரி டீச்சர் பதில்:

‘ஈட் அண்ட் ஸீ’க்கு நான் வருகிறேன், இது எனக்குப் பிடித்த இடம்.

தமிழில் ‘பார்’ துணைவினையாகவும் வரும். சாப்பிட்டுப் பாருங்க, போட்டுப் பாருங்க, தொட்டுப் பாருங்க, மோந்து பாருங்க, கேட்டுப் பாருங்க. இந்தப் ‘பார்’ கண்ணைச் சேர்ந்ததே அல்ல. ‘ஒரு முறை செய்து, என்ன ஆகிறது என்று அறி’ என்பதுதான் பொருள். ‘கேட்டுப் பாருங்க’ என்பதில் காதும் கண்ணும் ஒரே சொல்லில் சேர்ந்திருந்தும் நமக்கு விசித்திரமாகப் படுவதில்லை. ஏனென்றால் அங்கே ‘பார்’ பார்வையை எப்போதோ விட்டுவிட்டது.

ஆங்கிலத்தில் அந்த வேலையைச் செய்வது ட்ரை. சாக்லேட்டை நீட்டி “வுட் யூ லைக் டு ட்ரை சம்?” கம்பளித் தொப்பிக்கு “ட்ரை இட் ஆன்”. இதில் அந்த ‘ஆன்’ முக்கியம், அது இல்லாமல் உடுத்திப் பார்ப்பது வராது. சால்வையைத் தொட்டுப் பார்க்கச் சொல்ல “ஃபீல் திஸ்”. டீத்தூளை முகர்ந்து பார்க்க “ஸ்மெல் திஸ்”. ‘அண்ட் ஸீ’ எதற்குமே வேண்டாம். ‘பேசிப் பார்க்கிறேன்’ என்றால் “ஐ'ல் ட்ரை டாக்கிங் டு தெம்”.

‘ஸீ’ பொருந்தும் இடமும் உண்டு, முழுதாகக் கழித்துவிட வேண்டாம். விளைவு இன்னது என்று தெரியாமல் போய் அறிந்து வரும்போது ‘இஃப்’ சேர்த்துச் சொல்லலாம். “ஐ'ல் கோ அண்ட் ஸீ இஃப் த ரோட் இஸ் ஓப்பன்.” யோசிக்கும்போது “லெட் மீ ஸீ...” என்று இழுக்கலாம். நம் ‘இருங்க, பாக்கறேன்...’ மாதிரி.

நீலகிரித் தைலம் விற்கிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. “திஸ் ஆயில் ஸ்மெல்ஸ்” என்று நிறுத்திவிட்டால் அது நாறுகிறது என்று பொருள். ‘ஸ்மெல்ஸ்’ தனியாக நின்றால் கெட்ட வாடைதான். பின்னால் ஒரு நல்ல சொல் வரவேண்டும். “இட் ஸ்மெல்ஸ் நைஸ்”, “இட் ஸ்மெல்ஸ் ஃப்ரெஷ்”. ‘நைஸ்லி’ என்று ‘லி’ போடக் கூடாது, ஏனென்றால் மணப்பது எண்ணெய், அது நன்றாக மூச்சு இழுக்கவில்லை. நம் ‘நாற்றம்’ ஒரு காலத்தில் நறுமணத்துக்கும் வழங்கிய சொல், இன்று மூக்கைப் பொத்த வைக்கிறது. ஆங்கில ‘ஸ்மெல்’ அதே வழியில் பாதி தூரம் போய் நிற்கிறது. கூட ஒரு சொல் இருந்தால் எந்தப் பக்கமும் சாயும், தனியாக விட்டால் கெட்ட பக்கம்.


கொடைக் குறிஞ்சி பதில்:

பழனி மலையில இருந்து நானும் வர்றேன். இங்க கோக்கர்ஸ் வாக், பில்லர் ராக்ஸ்ல கேக்கற தப்பும் இதேதான், ஆனா அதிகம் விழறது ஸீ, ஸா, ஸீன் குழப்பம்.

"டிட்"டும் "டிட்ன்ட்"டும் வந்துட்டா இறந்த காலம் அதுலயே முடிஞ்சுபோச்சு. பின்னாடி வர்றது மொட்டையா "ஸீ"தான். "ஐ டிட்ன்ட் ஸீ எனி எலிஃபன்ட்ஸ் யெஸ்டர்டே." எனிக்குப் பின்னாடி பன்மை, அதையும் திருத்திக்குங்க.

"ஸா"வா "ஹேவ் ஸீன்"னான்னு முழிக்கறவங்களுக்கு எங்க ஊர்க் குறிஞ்சிதான் உதாரணம். 12 வருஷத்துக்கு ஒரு தடவை பூக்கறது. 2006ல பூத்துச்சு, 2018ல பூத்துச்சு. வருஷம் சொன்னா "ஸா": "ஐ ஸா இட் இன் 2018." எப்பன்னு சொல்லாம, அந்த அனுபவம் இருக்குன்னு மட்டும் சொன்னா "ஹேவ் ஸீன்": "ஐ'வ் ஸீன் இட் ட்வைஸ்." தமிழ்ல இதுக்கு "பாத்திருக்கேன்"னு அருமையான வடிவம் இருக்குது. ஆனா நாம "போன வாரம்கூடப் பாத்திருக்கேனே"ன்னு நேரத்தையும் சேத்துக்குவோம். இங்கிலீஷ் அதுக்கு இடம் கொடுக்காது. "ஐ ஹேவ் ஸீன் இட் லாஸ்ட் வீக்" தப்பு. யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், இன் 2018 இதுல எது வந்தாலும் "ஸா". அடுத்த பூப்பு 2030ல வரணும், அதுக்கு "யூ'ல் ஸீ இட் இன் 2030". "யூ கேன் ஏபிள்" வேண்டாம்னு மேலேயே சொல்லியாச்சு.

இடத்துக்குப் போயிட்டு வந்தாச்சான்னு கேக்க "ஸீன்" அவ்வளவு பொருத்தம் இல்லை. "ஹேவ் யூ பீன் டு த பொட்டானிக்கல் கார்டன்?" "ஸீன்"னா எட்டிப் பாத்ததும் கணக்குல வரும். அமெரிக்காக்காரங்க "டிட் யூ ஸீ த லேக் யெட்?"னு கேப்பாங்க, அவங்க பேச்சுல அது சரி, திருத்தப் போகாதீங்க. "ஐ ஸீன் இட்"னு ஹேவ் இல்லாம பேசற பயணியும் வருவாரு. அது அவங்க ஊர்ப் பேச்சுவழக்கு, கேட்டுக்குங்க, பழகிக்க வேண்டாம். சொல்லப்போனா "ஸீன்"ங்கற வினையும் நாம "ஸீன் போடாதே"ங்கறப்ப சொல்ற ஸீனும் உச்சரிப்புல ஒண்ணேதான், எழுத்துதான் வேற. இன்னொண்ணு, இயற்கைக் காட்சிக்கு "சீனரி". அதுக்குப் பன்மையே கிடையாது. "பியூட்டிஃபுல் சீனரீஸ்"னு போர்டு வெக்காதீங்க.

காட்டுமாடு ரோட்டைக் கடந்ததைச் சொல்ல ரெண்டு வழி இருக்குது. "வீ ஸா எ கௌர் க்ராஸ் த ரோட்"னா இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் முழுசாப் பாத்தோம். "வீ ஸா எ கௌர் க்ராஸிங் த ரோட்"னா கடந்துக்கிட்டிருந்ததைப் பாத்தோம், நடுவுல வண்டி தாண்டிப் போயிருக்கலாம். "கடந்ததைப் பாத்தோம்", "கடந்துக்கிட்டிருந்ததைப் பாத்தோம்" அதே வித்தியாசம்தான். "டு க்ராஸ்"னு மட்டும் வராது.

கோடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்குக் கூட்டிட்டுப் போறவங்க "அப்சர்வ்"ங்கற சொல்லை அங்கேயே விட்டுட்டு வாங்க. அங்க சூரியனை அப்சர்வ் பண்றாங்க, நூறு வருஷத்துக்கு மேலா. அருவியைப் பயணிங்க அப்சர்வ் பண்ண வேண்டாம், சும்மா பாத்தாப் போதும்.


ஊட்டி மார்க்கெட் பதில்:

"நாளைக்குப் பாக்கலாம்" பாக்கி இருக்குது. காசு போறது இங்கேதான், அதனால தடிச்ச எழுத்துல போடுங்க.

"டுமாரோ சிக்ஸ் ஓ'கிளாக் வீ வில் ஸீ"ன்னு டிரைவர் சொல்றாரு. அவர் மனசுல ஆறு மணிக்குச் சந்திக்கலாம், கட்டாயம் வந்துடுவேன்னு இருக்குது. பயணி காதுல "வீ'ல் ஸீ" மட்டும் தனியா விழுது. "வீ'ல் ஸீ"ன்னா பாக்கலாம், உறுதி இல்லை. பலூன் கேக்கற குழந்தைகிட்ட அம்மா சொல்ற அதே "பாக்கலாம்". அவர் ராத்திரியே வேற வண்டி பேசிடுவாரு. காலையில ஆறு மணிக்கு வந்து நிக்கற டிரைவர், "வெள்ளைக்காரன் வாக்கு மாறிட்டான்"னு நினைப்பாரு. ரெண்டு பேர் மேலயும் தப்பில்லை, "யூ"ங்கற ஒரு சொல் விட்டுப்போனதுதான். நம்ம "பாக்கலாம்"ல யாரைங்கறது இல்லாமலே புரியும். இங்கிலீஷ் "ஸீ"க்குப் பின்னாடி ஆள் வந்தாத்தான் சந்திப்பு. "ஸீ யூ டுமாரோ அட் சிக்ஸ்." அவ்வளவுதான். "அட்" மணிக்கு முன்னாடி.

இதே குடும்பத்துல இன்னும் மூணு. "ஐ'ல் ஸீ வாட் ஐ கேன் டு"ன்னா முயற்சி பண்றேன், வாக்கு இல்லை. "ஐ'ல் ஸீ டு இட்"னா பொறுப்பு என்னோடது, முடிச்சுத் தர்றேன். முடியாத காரியத்துக்கு இதைச் சொல்லிட்டு மாட்டிக்காதீங்க. "ஐ'ல் ஸீ யூ ஆஃப்"னா ஸ்டேஷன் வரைக்கும் வந்து வழியனுப்பறேன். பாக்கறேன்கற ஒரே தமிழ்ச் சொல்லை வெச்சு இந்த மூணையும் சொல்லிட முடியும், அதனாலதான் சறுக்கறோம்.

முதல் தடவை பாக்கறவங்ககிட்ட "நைஸ் டு மீட் யூ". அடுத்த நாளே மறுபடியும் பாத்தா "நைஸ் டு ஸீ யூ". ரெண்டாவது தடவையும் "மீட்" சொன்னா நேத்துப் பாத்ததையே மறந்துட்டான்னு தோணும்.


குன்னூர் வளைவு:

தாள் ஒரு மாதிரி உருவாயிடுச்சுங்க. பின்பக்கத்துல வெறும் வாக்கியங்கள் மட்டும் போடறதா இருக்கோம், விளக்கம் இல்லாம. இதுவரைக்கும் எடுத்தது: "லுக் ஓவர் தேர்." "கேன் யூ ஸீ த ஃபால்ஸ்?" "சாரி, யூ டோன்ட் ஸீ இட் நவ், இட்ஸ் மிஸ்டி." "வாட்ச் யுவர் ஸ்டெப்." "லுக் அட் த கேமரா." "வுட் யூ லைக் டு ட்ரை சம்?" "ஸீ யூ அட் சிக்ஸ்."

இன்னொரு சந்தேகம்: தொட்டபெட்டா டெலஸ்கோப்ல பாக்கச் சொல்றப்ப "ஸீ இன் த டெலஸ்கோப்" சரியாங்க?


மேட்டுப்பாளையம் லைன் பதில்:

மூணாவது வாக்கியத்தை மாத்துங்க. "யூ டோன்ட் ஸீ இட் நவ்" இல்லை, "யூ கான்ட் ஸீ இட் நவ்". தெரியலைங்கறதும் "கேன்" வழியாத்தான் போகும், மேலே சொன்ன அதே கணக்கு.

டெலஸ்கோப்புக்கு "லுக் த்ரூ த டெலஸ்கோப்". கண்ணை வெக்கச் சொல்றோம், அதனால லுக். குழாய் வழியாப் பார்வை போகுது, அதனால த்ரூ. அவர் கண்ணை வெச்சதும் நீங்க கேக்க வேண்டியது "வாட் கேன் யூ ஸீ?" 2,637 மீட்டர் உயரத்துல பாதி நாள் வர்ற பதில் "நத்திங், ஜஸ்ட் க்ளவுட்". அதுக்கு ஒரு வாக்கியம் பின்பக்கத்துல கட்டாயம் வேணும்: "கிவ் இட் ஃபைவ் மினிட்ஸ், இட் மே க்ளியர்." "மே"யை "வில்"லா மாத்திடாதீங்க.